மகனுக்கு ‘வழுதி’ என்று வைக்கலாமா? காதில் எப்படி விழுகிறது என்று சொல்லுங்கள்

தலவாக்கலை_அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று கிழமைக்கு முன்னால் எங்களுக்கு மகன் பிறந்தான், முதல் பிள்ளை. இங்கே இலங்கையில் பிறப்பைப் பதிய 42 நாள் என்பதால் கையில் இன்னும் மூன்று கிழமை இருக்கிறது, ஆனால் வீட்டில் இப்போதே ஆளுக்கொரு பெயர். நட்சத்திரம் ரோகிணி, எழுத்து ஒ, வ, வி, வு.

நான் ஏன் கொஞ்சம் அபூர்வமான பெயர் தேடுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சுரேஷ். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்ற இரண்டு பிரிவையும் சேர்த்தால் என் வயதில் ஐந்து சுரேஷ். நான் ‘ஓடைப்பக்கத்துச் சுரேஷ்’, இன்னொருவன் ‘நெட்டை சுரேஷ்’, இன்னொருவன் ‘டிஸ்பென்சரி சுரேஷ்’, ஏனென்றால் அவன் அம்மா அங்கே வேலை செய்தார். பள்ளிக்கூடத்தில் யாரோ செய்ததற்கு நான் அடி வாங்கியிருக்கிறேன். இருபத்தைந்து வயது வரைக்கும் என் பெயர் என்னுடையது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மகனுக்கு அப்படி இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நான் யோசித்து வைத்திருப்பவை மூன்று. வழுதி, பாண்டியர் பெயர். வெற்பன், மலைநாட்டுத் தலைவன் என்று பொருள், எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது? மூன்றாவது வியன், பரந்தது, பெரியது என்று அர்த்தம். (‘வெ’ என்ற எழுத்து ரோகிணியில் வராது, ஆனால் ‘வ’ வரிசைதானே, பரவாயில்லை என்று கோயில் ஐயர் சொல்லிவிட்டார்.) மனைவிக்கு விஹான் பிடித்திருக்கிறது. அம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டாம், வீரய்யா. என் அப்பாவின் பெயர். அப்பா தவறி மூன்று வருடமாகிறது.

வீரய்யா என்றால் கேட்டவுடனேயே தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடும் என்கிறாள் மனைவி. நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. எனக்குள்ளும் அந்த எண்ணம் ஒரு ஓரத்தில் இருக்கிறது, அப்படி இருப்பது எனக்கே வலிக்கிறது.

பொருள் என்ன, எந்தப் பாட்டில் வருகிறது என்பதெல்லாம் நானே தேடிவிட்டேன். எனக்கு வேண்டியது வேறு. இந்தப் பெயர்களைக் கேட்டதும் உங்கள் மனதில் எப்படிப்பட்ட பையன் வருகிறான்? அதை மட்டும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.


கொட்டகலை_டீச்சர் எழுதியது:

வாழ்த்துக்கள் தம்பி. பதினேழு வருடமாக வகுப்பில் பெயர் இடாப்பு கூப்பிடுகிறவள் என்பதால் ஒளிக்காமலே சொல்கிறேன். வழுதி என்றால் ஆறாம் வகுப்பில் முதல் நாளே ‘கழுதை’. இது நடக்கலாம் என்று சொல்லவில்லை, நடக்கும் என்று சொல்கிறேன். நம் பிள்ளைகள் பேச்சில் ழகரம் ளகரமாகத்தான் வருகிறது, வாழைப்பழம் ‘வாளப்பளம்’தான், அதனால் வழுதி ‘வளுதி’ ஆகும், அதற்கும் கழுதைக்கும் எவ்வளவு தூரம்? பெரியவர்கள் காதுக்குப் பாண்டியன் வருவான், பத்து வயதுப் பையன்கள் காதுக்கு வரமாட்டான். அதே மாதிரி கடையெழு வள்ளல்கள் பெயரை வைக்க நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன். பாரி நன்றாக இருக்கும். பேகன் கூடச் சரி. காரி என்று வைத்தால் வேலைக்காரி, பால்காரி என்று ஒட்டுப்போட்டுவிடுவார்கள், நள்ளியை எலும்பு என்பார்கள்.

ஆனால் அதற்காகப் பயந்து எல்லோரும் வைக்கிற பெயரை வைக்காதீர்கள். என் வகுப்பில் இப்போது ஒரு டிலக்ஷன், ஒரு டிலுக்ஷன், ஒரு திலக்சன், ஒரு டிலக்ஷான். ஒருவனைக் கூப்பிட்டால் நான்கு தலை நிமிர்கிறது. அதில் ஒருவனுக்கு எண் சோதிடம் பார்த்து ஆங்கிலத்தில் கடைசி எழுத்தை இரட்டித்து எழுதியிருக்கிறார்கள், அந்தப் பிள்ளைக்கே தன் பெயரை இரண்டு தரம் ஒரே மாதிரி எழுத வரவில்லை. போன வருடம் ‘உன் பெயரின் பொருள் என்ன’ என்று எழுதச் சொன்னேன். பாதிப் பேர் வீட்டில் கேட்டுவிட்டு வந்து ‘ஸ்டைலா இருக்குன்னு வச்சாங்களாம்’ என்று எழுதியிருந்தார்கள். முகிலன் என்று ஒரு பையன், அவ்வளவாக வாய் திறக்காதவன், எழுந்து ஜன்னலைக் காட்டினான். வெளியே எதிர்மலை தெரியவில்லை, மூட்டமாக மூடிக் கிடந்தது. ‘அதுதான் டீச்சர்’ என்றான். வகுப்பே ஒரு நிமிடம் பேசவில்லை.

நான் பார்த்த வரைக்கும், பெயரைக் கேலி செய்வார்கள்தான், எந்தப் பெயரையும் விட்டுவைப்பதில்லை. தன் பெயருக்கு ஒரு கதை தெரிந்த பிள்ளை அந்தக் கேலியைத் தாங்கிக்கொள்கிறான், ஏன் இந்தப் பெயர் என்று தெரியாத பிள்ளைதான் சுருங்கிப்போகிறான். வியனைக்கூட ‘வியாதி’ என்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

கேட்டவுடன் என் மனதில் வருகிற பையன்: வெற்பன் என்றால் உயரமாக, கொஞ்சம் இறுக்கமாக ஒருவன். வியன் என்றால் மெலிந்த, கண்ணில் வெளிச்சம் உள்ள ஒருவன். விஹான் என்றால் யாரும் வரவில்லை, கடந்த மூன்று வருடத்தில் அவ்வளவு விஹான்களைப் பார்த்துவிட்டேன். வீரய்யா என்றால், மன்னிக்க வேண்டும் தம்பி, ஒரு தாத்தாதான் வருகிறார். பிள்ளைகளும் ‘தாத்தா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.


பண்டாரவளை_எழுதுவினைஞர் எழுதியது:

டீச்சர் தமிழ்க் காதைச் சொல்லிவிட்டார். நான் சிங்களக் காதைச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகளின் பெயர் பாதி நாள் அந்தக் காதில்தான் விழப்போகிறது. கந்தோரில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், பொலிஸில் என்று எங்கே போனாலும். நான் வேலை செய்யும் இடத்தில் என்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் சிங்களவர்கள், நல்ல மனிதர்கள், ஆனால் தெரியாத பெயரை அவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒலியில்தானே கேட்பார்கள்.

முதலாவது, சிங்களத்தில் ழ கிடையாது. வழுதியை ‘வலுதி’ என்றோ ‘வளுதி’ என்றோதான் எழுதுவார்கள். அங்கே ‘வல்’ என்றால் காட்டுத்தனமானது, ‘வல் ஊரா’ என்றால் காட்டுப்பன்றி, ஆளைப் பற்றிச் சொன்னால் இன்னும் மோசமான பொருள். எல்லோரும் அப்படி எடுக்கமாட்டார்கள், ஒரு வம்புக்காரன் போதும்.

இரண்டாவது, இகரத்தில் முடிகிற பெயர் என்றால் சிங்களவர் காதில் பெண்பிள்ளை. டிலினி, நில்மினி, குமாரி என்று பழகிய காது அது. வழுதி என்ற பெயரை ஒரு பட்டியலில் பார்த்தால் ‘செல்வி’ என்று போட்டுவிடுவார்கள்.

மூன்றாவது வெற்பன். அழகான பெயர், எனக்கே ஆசையாக இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதி வேகமாக வாசித்துப் பாருங்கள், ‘வெப்பன்’ என்று வருகிறது. ஆயுதம். நான் பதட்டத்தில் சொல்லவில்லை. போர்க்காலத்தில் கொழும்பில் ஒரு கடையில் நின்றவன் நான், இருபது வயது. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை வாங்கிப் பெயரை வாய்க்குள் ஒரு தரம், சத்தமாக ஒரு தரம் வாசிப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள். பெயர் அவர்கள் நாக்கில் வழுக்காமல் போனால் நாமும் போகலாம். என்னோடு அறையில் இருந்த தூய தமிழ்ப்பெயர்க்காரன் ஒருவன் அரை மணி நேரம் ஓரமாக நிற்பான், நான் அவனுக்காகக் காத்து நிற்பேன். 2009இல் போர் முடிந்துவிட்டது, இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஆனாலும் என் மகன் தன் பெயரைச் சொல்லும்போது யாராவது நிமிர்ந்து பார்த்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும்.

வியனுக்கு வருவோம். இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. சிங்களத்தில் ‘வியன’ என்றால் மேற்கட்டி, விதானம். பெரஹரா ஊர்வலத்தில் தாதுப் பேழைக்கு மேலே பிடித்துக்கொண்டு போகிற துணியை ‘உடு வியன’ என்பார்கள். எங்கள் கந்தோரில் ஒரு அக்காவிடம் வியன் என்ற பெயரைச் சொல்லி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ‘ஷோக் நம, மல்லி’ என்றார், அழகான பெயர் என்று. தமிழில் குறளிலேயே ‘வியனுலகம்’ வருகிறது. இரண்டு மொழியிலும் தலைக்கு மேலே விரிந்து கிடக்கிற ஒன்று. இப்படி அமைவது லேசில்லை. என் அண்ணன் மகனுக்கு மாறன் என்று வைத்தார்கள். சிங்களத்தில் ‘மாரயா’ என்றால் எமன், ஆனால் பேச்சுவழக்கில் ‘மார’ என்றால் பிரமாதம், அதனால் அந்தப் பையன் ஆளைப் பொறுத்து எமனாகவும் பிரமாதமாகவும் இருக்கிறான்.

எந்தப் பெயர் வைத்தாலும் எழுத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பாவின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பதிவுப் புத்தகத்தில், கறுப்பன், எங்கள் பிறப்புச் சான்றிதழ்களில் கருப்பையா, அடையாள அட்டையில் சிங்களத்தில் எழுதியதைத் திரும்பத் தமிழில் வாசித்தால் ‘கருபய்ய’. முப்பத்தாறு வருடம் மலையில் வேலை செய்த மனிதன் தன்னுடைய சேமலாப நிதியை எடுக்க, மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தார். சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், திரும்பவும் தோட்டத்துக் கந்தோர். அதனால் பதிவுக்குப் போகும்போது சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பெயரை எழுதி ஒரு துண்டு கொண்டுபோங்கள். இப்போதைய அடையாள அட்டையில் மூன்று மொழியும் வருகிறது, பிறகு யாரோ ஒருவர் தன் காதுக்குப் பட்டபடி எழுத இடம் வைக்காதீர்கள்.


தலவாக்கலை_அப்பா எழுதியது:

அண்ணே, ரொம்ப நன்றி. வெப்பன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, இரவு முழுக்க அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், இப்போது வேறு மாதிரிக் கேட்கவே மாட்டேன் என்கிறது. வழுதியை வீட்டில் எடுத்துவிட்டோம். டீச்சர் சொன்ன கழுதையை என் தங்கச்சி மகன், எட்டு வயது, யாரும் சொல்லித்தராமலே சொல்லிவிட்டான்.


ஹட்டன்_எழினி எழுதியது:

இந்தக் கேள்வி எனக்காகவே வந்த மாதிரி இருக்கிறது. நான் ஆண். பெயர் எழினி. வயது முப்பத்தொன்று.

எங்கள் தாத்தா இளவயதில் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகத்துக் கூட்டங்களுக்குப் போனவர், இளஞ்செழியன் பேச்சைக் கேட்பதற்காகவே பொகவந்தலாவையிலிருந்து நடந்து போயிருக்கிறாராம். அந்தக் காலத்தில் தோட்டங்களில் ஒரு அலை மாதிரி பெயர்கள் மாறின. மாரிமுத்து மகன் அறிவழகன், பெரியசாமி மகன் இளங்கோ. தாத்தா அப்பாவுக்கு நெடுஞ்செழியன் என்று வைத்தார், அப்பா எனக்கு எழினி என்று வைத்தார். அதியமான் மகன் பொகுட்டெழினி, ஔவையார் பாடிய வீரன். சின்ன வயதில் அப்பா இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

வெளியே வந்தபோதுதான் தெரிந்தது. படிக்கப் போன இடத்தில் விடுதிப் பட்டியலில் என் பெயர் பெண்கள் பக்கம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறேன், காவலாளி பட்டியலையும் என்னையும் பார்க்கிறார், எனக்குப் பின்னால் புதுப் பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாக்களும் வரிசையாக நிற்கிறார்கள். ‘எழினி யாரு, உங்க தங்கச்சியா?’ என்று ஒரு அம்மா அன்பாகத்தான் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. முதல் வருடம் முழுக்க நான் என் பெயரை ‘நெடுஞ்செழியன்’ என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன், அப்பா பெயரை. வீட்டில் சொல்லவில்லை.

இப்போதும் பெண்பிள்ளைகளுக்குத்தான் எழினி என்று வைக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது. சங்ககாலத்து ஆண் பெயர் நம் காலத்தில் பெண் பெயராகிவிட்டது, இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நான் பெயரை மாற்றப் போவதில்லை, இதில் என் தாத்தா நடந்த தூரம் இருக்கிறது. ஆனால் மகனுக்குக் கதிர் என்று வைத்தேன். ஒன்றுக்கு இரண்டு தரம் சொல்லத் தேவையில்லாத பெயர்.

ஒன்று கவனித்தேன் அண்ணே, அபூர்வமான பெயர் உள்ளவனை யாரும் மறப்பதில்லை. பத்து வருடம் கழித்து வந்தாலும் ‘நீ எழினிதானே’ என்பார்கள். நான் ஒரு தவறு செய்தாலும் அதேமாதிரி மறக்கமாட்டார்கள். கூச்சமில்லாத பிள்ளைக்கு அது பலம், என்னைப்போல் கூச்சப்படுகிறவனுக்குச் சுமைதான். மூன்று கிழமைப் பிள்ளையைப் பார்த்து இவன் எப்படிப்பட்டவன் என்று யார் சொல்ல முடியும்? அதனால்தான் நான் நடுவில் உள்ள பெயர்களைச் சொல்வேன்: அடிக்கடி கேட்காத, ஆனால் கேட்டவுடன் எழுதத் தெரிகிற பெயர். வியன் அதில் வருகிறது. வெற்பனை யாரும் முதல் தரமே சரியாக எழுதமாட்டார்கள்.


மஸ்கெலியா_பெரியவர் எழுதியது:

பிள்ளைகளா, எல்லாம் வாசித்தேன். டீச்சரம்மா வீரய்யா என்றால் தாத்தா வருகிறார் என்று எழுதியிருக்கிறார். வரட்டுமே அம்மா. அந்தத் தாத்தாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விடுங்கள்.

நான் செக்ரோல் எழுதியவன். பழைய செக்ரோல் புத்தகங்களையும் பார்த்திருக்கிறேன். நம் முன்னோர் பெயர்கள் எப்படி இருந்தன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. குப்பன், பிச்சை, சடையன், ராக்கன், செம்பன். முந்திப் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்று வைப்பார்கள், எமனுக்கே வேண்டாத பிள்ளையாக இருக்கட்டும் என்று. பிச்சை என்றால் பிச்சையாக வாங்கிய பிள்ளை. இன்று கேட்டால் கூசும், ஆனால் அதைவிட ஆசையோடு எந்தப் பெயரும் வைக்கப்படவில்லை. ஒரு பிள்ளையாவது பிழைக்கட்டும் என்ற ஆசை.

அப்புறம் இன்னொன்று. ஒரே சாமியின் பெயர்தான், ஆனால் ஒரு சாதிக்கு ராமசாமி, இன்னொரு சாதிக்கு மொட்டையாக ராமன். ஒரு வீட்டில் கருப்பையா, அடுத்த வீட்டில் கறுப்பன். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போதே யார் எங்கே நிற்கவேண்டும் என்று தெரிந்துவிடும். பண்டாரவளைத் தம்பியின் அப்பாவைச் செக்ரோலில் கறுப்பன் என்று எழுதியிருந்ததாக வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அது எழுத்துப்பிழையாக மட்டும் இருந்திருக்காது. ‘அய்யா’ என்ற ஒட்டை எழுதக் கை வராத கிளாக்கர்கள் இருந்தார்கள். வீரன் என்று எழுதியிருந்தவர்கள் தங்கள் மகனுக்கு வீரய்யா என்று வைத்தது ஏன் தெரியுமா? துரையும் கணக்கப்பிள்ளையும் ‘டேய்’ என்று கூப்பிட்ட காலம். அவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்றால், யாராக இருந்தாலும் கடைசியில் ‘அய்யா’ என்று சொல்லியே ஆகவேண்டும். தலவாக்கலைத் தம்பி, உங்கள் தாத்தா பாட்டி உங்கள் அப்பாவுக்கு அந்தப் பெயரை எப்படி யோசித்து வைத்தார்கள் என்று உங்கள் அம்மாவிடம் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

முரளிதரனை உலகமே முத்தையா முரளிதரன் என்கிறது. டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட். அதில் முத்தையா அவருடைய அப்பா பெயர். ஆங்கிலத்தில் அவர் பெயரின் நடு எழுத்தை எத்தனையோ வருடம் அவர் எழுதுகிற மாதிரி எழுதாமல் வேறு மாதிரித்தான் எழுதினார்கள், அதை விடுங்கள். மெல்பேர்னிலும் லண்டனிலும் மைக்கில் ‘முத்தையா’ என்று கேட்கும்போது எனக்கு எங்கள் லயத்து வரிசைவீடுகளின் முத்தையாக்கள் எல்லோரும் நினைவுக்கு வருவார்கள். கேட்டவன் எவனும் இது தோட்டத்துப் பெயர் என்று முகம் சுளிக்கவில்லை. முல்லோயாத் தோட்டத்துத் தொழிலாளர் போராட்டத்தில் 1940இல் சுடப்பட்டவர் கோவிந்தன். டெவன் தோட்டத்துப் போராட்டத்தில் 1977இல் சுடப்பட்டவர் சிவனு லெட்சுமணன். அந்தப் பெயர்களை நாங்கள் மேதினத்தில் உரக்கச் சொல்லியிருக்கிறோம். இன்று ஒரு பிள்ளைக்குச் சிவனு என்று வைக்கிறார்களா?

2023இல் நம் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். மாத்தளைக்குக் கிட்டே நானும் கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தேன். பக்கத்தில் நடந்த ஒரு இளம்பிள்ளையிடம் உன் பாட்டன் பெயர் என்ன மகன் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. ‘தாத்தான்னுதான் கூப்பிடுவோம்’ என்றான். நல்ல பிள்ளை, அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வந்தவன். பெயர் மட்டும் அவனிடம் வந்து சேரவில்லை.

அபூர்வமான பெயர் வேண்டும் என்கிறீர்கள். மஸ்கெலியாவில் இன்று முதலாம் வகுப்பில் ஒரு வீரய்யா இருக்கிறானா என்று தேடிப் பாருங்கள். கிடைக்கமாட்டான்.


கொட்டகலை_டீச்சர் எழுதியது:

ஐயா, உங்கள் பதிலை இரண்டு தரம் வாசித்தேன். ‘அய்யா’ என்ற ஒட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை இதுவரைக்கும் நான் யோசித்ததே இல்லை, என் அப்பாவும் ஒரு செல்லையாதான். ஆனாலும் வகுப்பறையில் நிற்கிறவளாக என் பேச்சை முழுதாக மாற்ற மாட்டேன். பிள்ளை அந்தப் பெயரைச் சுமக்கிற முதல் பத்து வருடம் நம்மைப் போன்றவர்கள் நடுவில் இல்லை, மற்றப் பிள்ளைகள் நடுவில். மரியாதை என்பது ஐயா சொன்னால் எனக்குப் புரிகிறது, ஏழு வயதுக்குப் புரியாது. தம்பி, வீரய்யா என்று வைத்தால் இந்தக் கதையையும் அவனுக்குச் சேர்த்தே கொடுங்கள், முகிலன் ஜன்னலைக் காட்டின மாதிரி காட்ட அவனுக்கு ஒன்று வேண்டும்.


பண்டாரவளை_எழுதுவினைஞர் எழுதியது:

பெரியவர் சொன்னதுபோல் அது எழுத்துப்பிழையாக இருந்திருக்காது. அப்பா இருக்கும்போது நான் இதைக் கேட்டிருக்கலாம்.

தம்பி, இரண்டு பெயரையும் சேர்த்து வைக்கலாமா என்று யோசிப்பீர்கள். வைக்கலாம், ஆனால் உங்கள் பெயர் முன்னால், அப்பா பெயர் நடுவில், பிள்ளை பெயர் கடைசியில் என்று மூன்று சொல் வந்தால் ஒவ்வொரு படிவத்திலும் எது முதலெழுத்து, எது பெயர் என்று குழப்பம் வரும். வெளிநாடு போகக் கடவுச்சீட்டு எடுக்கப் போனால் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் வேறு இருக்கும், நமக்கு அப்படி ஒன்று கிடையாது. முடிவு உங்களுடையது. எழுதி வைத்துப் பாருங்கள்.


தலவாக்கலை_அப்பா எழுதியது:

ஐந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பிள்ளைக்குக் கொஞ்சம் சளி, இப்போது பரவாயில்லை.

பெரியவர் ஐயா சொன்னபடி அம்மாவிடம் கேட்டேன். அப்பாவின் அப்பாவுக்குச் செக்ரோலில் வீரன் என்றுதான் பெயராம். எனக்கு இது தெரியாது. முப்பத்தைந்து வயதில் முதல் தரம் கேட்கிறேன். மகன் பிறந்ததும் அவர் கந்தோருக்குப் போய், ‘அய்யா’ சேர்த்து எழுதும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தாராம், அன்று வேலைக்கும் போகவில்லை, செக்ரோலில் அவருக்கு அன்றைய வேலைநாளும் விழவில்லை, ஒரு நாள் சம்பளம் போனது. இதை அம்மா கொழுந்துக் கூடையைப் பின்னிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். மனைவி அடுப்படியிலிருந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்து கேட்டாள். அதற்குப் பிறகு அவள் தோட்டத்துப் பெயர் என்ற பேச்சை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா ஒன்று செய்தார். எங்கள் லயத்துக்கு எதிரே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் மலை. பிள்ளைகள் அங்கேதான் விளையாடப் போவார்கள், இங்கே வாசலில் நின்று கூப்பிட வேண்டும், அதுவும் மூட்டம் போட்டிருக்கும். பெயர் என்றால் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. வாசலில் நின்று ‘விஹான்’ என்று கூப்பிட்டார், நடுவில் மூச்சு போய்விட்டது. ‘வெற்பன்’ என்று கூப்பிட்டார், வாய்க்குள்ளேயே மடங்கியது. வியன் முதலில் சரியாக வரவில்லை, பிறகு தானாகவே ‘வியா…ன்’ என்று நீட்டினார், அது போனது, எதிர்மலையில் பட்டுத் திரும்பியும் வந்தது. கடைசியில் ‘வீரய்யோவ்’ என்றார். அது எல்லாவற்றையும்விடத் தூரம் போனது. அம்மா உடனே உள்ளே வந்துவிட்டார். இத்தனை வருடம் அந்தப் பெயரை அம்மா அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை, அப்பாவை ‘இந்தாங்க’ என்றுதானே கூப்பிடுவார்.

புதன்கிழமை பதிவுக்குப் போகிறோம். வியன் என்று மூன்று மொழியிலும் எழுதிய துண்டைத் தயார் பண்ணிவிட்டேன், சிங்களத்தில் என் நண்பன் எழுதித் தந்தான், ஆங்கிலத்தில் வி, ஐ, வை, ஏ, என், கூடுதலாக ஓர் எழுத்தும் இல்லை. முன்னால் என் பெயரோடு அப்பாவின் பெயரையும் போடுவதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம், போடலாம் என்று இப்போது சொல்வது மனைவிதான், படிவத்துக் குழப்பத்தைச் சொல்லித் தயங்குவது நான். அம்மா இதில் தலையிடவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அவனை வீரய்யா என்றுதான் கூப்பிடுகிறார்.